போகிக்கு முன்னால் பரணைப் பாருங்கள்: பழைய பண்டிகை வாழ்த்து அட்டைகளை வைத்து மகிழ்வது எப்படி

மார்கழி கடைசி வாரம் வந்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடு ஒழிக்கிற வேலை தொடங்கிவிடும். கிழிந்த பாய், பஞ்சு பிதுங்கிய தலையணை, போன வருஷக் காலண்டர் எல்லாம் போகிக்கு ஒதுங்கும்போது, டிரங்குப் பெட்டியில் கிடந்த காகிதக் கட்டும் கூடவே போய்விடுகிறது. அதற்குள்தான் தாத்தா பாட்டிக்கு வந்த பொங்கல் வாழ்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாம் இருக்கும். அதனால் முதல் வேலையாக, போகிக்கு ஒரு வாரம் முன்பே பரணில் இருக்கும் காகிதக் கட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிரித்துப் பார்க்க நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை, எரிக்காமல் இருந்தால் போதும், தை பிறந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து வீடுகளில் கிடைக்கிற அட்டைகளுக்குத் தனி ருசி உண்டு. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் என்றால் பொங்கல் அட்டைகள்தான் அதிகம். பானை, கரும்பு, உதயசூரியன், ஜிகினா தூவிய கோலம், எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள், நடுவில் இரண்டு வரி வாழ்த்துக் கவிதை. புதுச்சேரியில் இன்னொரு வகையும் சேர்ந்து கிடைக்கும். இங்கிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வியட்நாமின் சைகோனுக்கும் பிரான்சுக்கும் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய புத்தாண்டு அட்டைகள் அவை. பிரெஞ்சுக்காரர்கள் கிறிஸ்துமஸைவிடப் புத்தாண்டுக்குத்தான் விழுந்து விழுந்து வாழ்த்து அனுப்புவார்கள், அதுவும் ஜனவரி மாதம் முழுக்க அனுப்பலாம் என்பது அங்கே வழக்கம். ஆகவே ஜனவரி 20-ஆம் தேதி முத்திரையோடு ஒரு புத்தாண்டு அட்டை கிடைத்தால் தாமதமாக அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மீன் படம் போட்ட அட்டை வந்தால் அது ஏப்ரல் முதல் தேதிக்கானது, முட்டாள்கள் தினத்தை அவர்கள் 'ஏப்ரல் மீன்' என்பார்கள். மணி மணியாக வெள்ளைப் பூ தொங்கும் அட்டை மே முதல் தேதிக்கு.

சரி, அட்டை கையில் வந்துவிட்டது. படத்தை ரசித்துவிட்டு உடனே திருப்பிப் பாருங்கள். என்னைக் கேட்டால் பாதி சுகம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. என்னிடம் ஒரு பொங்கல் அட்டை இருக்கிறது, முன்பக்கம் ஜோடிக் காளை, ஒன்றுக்கு நீலக் கொம்பு, ஒன்றுக்குச் சிவப்புக் கொம்பு, அச்சு கொஞ்சம் விலகியதால் சிவப்பு கொம்பை விட்டுக் காதுக்கு இறங்கியிருக்கிறது. பின்னால் பொடி எழுத்தில், 'நலம், நலமறிய ஆவல். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. பெண்ணையாற்றில் தண்ணீர் நிறைய. ஆற்றுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவசியம் வரவும்' என்று இருக்கிறது. இடம் போதாமல் 'அவசியம்' என்ற சொல் ஓரத்தில் செங்குத்தாக ஏறிப் போகிறது. அந்தக் குடும்பம் அந்தத் தை மாதத்தை எப்படிக் கொண்டாடியது என்பது இந்த நாலு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. எழுதாத புது அட்டையும் எழுதிய அட்டையும் ஒரே விலையில் கிடைத்தால் நான் எழுதியதைத்தான் வாங்குவேன்.

அடுத்து, எந்தக் காலத்து அட்டை என்று கண்டுபிடிக்க வேண்டும். முத்திரை தெளிவாக இருந்தால் கவலையே இல்லை. மங்கிப் போயிருந்தால் வேறு தடயங்கள் உண்டு. முகவரியில் பின்கோடு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'தென்னார்க்காடு மாவட்டம்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1993-க்கு முந்தையது, ஏனென்றால் அந்த ஆண்டுதான் மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது (வயதானவர்கள் பழக்கத்தில் அதன் பிறகும் எழுதியிருப்பார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்). தபால் தலையில் நயா பைசா என்று இருந்தால் அது 1957-க்கும் 1964-க்கும் நடுவில் அச்சான தபால் தலை. தமிழ் எழுத்தும் பேசும். வாழ்த்து வாசகத்தில் 'லை', 'னை' எழுத்துகள் யானைத் துதிக்கை போல மேலே சுழித்துக்கொண்டு நின்றால் அது பழைய எழுத்து. 1978-இல் அரசு சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்த பிறகுதான் இன்றைய வடிவம் எல்லா இடத்துக்கும் பரவியது. ஆனால் பெரியார் 1935-லேயே தன் இதழ்களில் அந்தச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார், ஆகவே இயக்கத்துக்காரர்கள் அச்சிட்ட 'தமிழர் திருநாள்' வாழ்த்துகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிக் கால அட்டைகளுக்குக் கணக்கே வேறு. தபால் தலையில் சான்டிம் என்ற பிரெஞ்சு நாணயக் கணக்கில் மதிப்பு போட்டிருந்தால் 1923-க்கு முன்பு, பணம், காசு என்ற உள்ளூர் நாணயக் கணக்கில் இருந்தால் 1923-க்குப் பிறகு. பிரம்மா உருவம் போட்ட தபால் தலை வரிசை 1914-இல் தொடங்கியது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியதோடு அந்தத் தபால் தலைகளின் காலமும் முடிந்தது. பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் என்று விட்டுவிட்டு, படத்தின் ஓரத்திலேயே இரண்டு வரி நெருக்கி எழுதியிருக்கிறார்களா? அப்படியானால் அட்டை ரொம்பப் பழையது. பின்பக்கத்தை நடுக்கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத பிரான்சில் அனுமதி வந்தது 1903-இன் கடைசியில்தான்.

ஒரு சின்ன பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைக்கு மேல் வைத்துப் பார்த்தால் வண்ணப் புள்ளிகள் வரிசையாக, பூப்பூவாகச் சேர்ந்து தெரிந்தால் அது ஆப்செட் அச்சு, சிவகாசி அட்டைகள் அப்படித்தான் இருக்கும். புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் வழவழவென்று கலந்திருந்தால் உண்மையான போட்டோ அட்டை. பழைய அட்டை மாதிரியே புதிதாக அச்சடித்து விற்பவர்களிடம் ஏமாறாமல் இருக்கவும் இது உதவும்.

வீட்டில் ஒன்றும் இல்லை என்பவர்கள் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் பரப்பியிருப்பவர்களிடம் விசாரிக்கலாம், பழைய பேப்பர் கடைக்காரரிடமும் சொல்லி வைக்கலாம். பழைய வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு இதெல்லாம் குப்பை, கேட்டால் சும்மாவே தருவார்கள். பிரெஞ்சு கால புதுச்சேரி அட்டைகள் வேண்டுமென்றால் டெல்காம்ப் போன்ற இணையச் சந்தைகளில் தேடலாம். ஆனால் விற்கிறவர்கள் பலர் ஐரோப்பாவில் இருப்பார்கள், தபால் செலவு அட்டை விலையைத் தாண்டிவிடலாம், முதலில் அதைக் கேளுங்கள்.

இனிப் பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது கடலோரம். உப்புக் காற்றில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எல்லாம் சீக்கிரமே துருப்பிடித்து, அந்தத் துரு காகிதத்தைத் தின்றுவிடும். கட்டைப் பிரித்ததும் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோ டேப்பும் கூடாது, சில வருஷத்தில் மஞ்சளாகிக் கறை இறங்கிவிடும். பிசுபிசுவென்று வாசனை அடிக்கிற பி.வி.சி. ஆல்பத்தைத் தவிர்த்து, பாலிப்ரொபிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். அட்டைகளுக்கு நடுவே வைக்கப் பருத்தித் துணிக் கழிவில் செய்கிற கைக்காகிதம் நல்லது, புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலையே இருக்கிறது. சாயம் போடாத வெள்ளைத் தாளாகப் பார்த்து எடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடுங்கள், அட்டைமேல் படாமல் இருக்கட்டும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2011-இல் தானே புயலையும் 2015-இல் வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தப்பித் தவறி நனைந்துவிட்டால் துடைக்காதீர்கள், பேனா மை கரைந்து இழுவிவிடும். மை ஒற்றும் தாளிலோ வெள்ளைத் துணியிலோ ஒற்றி எடுத்து, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, முக்கால்வாசி காய்ந்த பிறகு இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். தபால் தலையை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம், தலையும் முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் அட்டைக்கு மதிப்பு.

இவ்வளவு பத்திரப்படுத்தி அலமாரியில் பூட்டி வைத்தால் என்ன பயன்? நான் அட்டைகளை ஆண்டு வரிசையில் அடுக்குவதில்லை, பண்டிகை வரிசையில் அடுக்குகிறேன். தைக்கு ஒரு கட்டு, மாசி மகத்துக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று, அப்புறம் தீபாவளி, கிறிஸ்துமஸ். அந்தந்தப் பண்டிகை வரும்போது அந்தக் கட்டு மட்டும் வெளியே வரும். போகியன்று பொங்கல் அட்டைகளைக் கூடத்து அலமாரியில் வைத்தால் தை 5 ஆற்றுத் திருவிழா முடிகிற வரை இருக்கும், ஆற்றங்கரையில் வாங்கி வந்த சுருளிக்கிழங்கை அவித்து உரித்துத் தின்றுகொண்டே ஒருவர் அட்டையை வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு திரும்ப உள்ளே போய்விடும். வருஷத்தில் ஆறு நாள்தான் வெளிச்சம் படுகிறது என்பதால் சாயமும் வெளுக்காது. வெயில் நேராக விழாத சுவராகப் பாருங்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கவிட ஆசைப்பட்டால் கலர் நகல் எடுத்துத் தொங்கவிடுங்கள், சீரியல் பல்பு சூட்டுக்குப் பக்கத்தில் அசல் போகக் கூடாது.

கூடத்தில் வைத்திருக்கும் நாட்களிலேயே வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அனுப்பியது யார், என்ன உறவு என்று கேட்டு செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். 'இது யார் தெரியவில்லையே' என்பார்கள், கையெழுத்தைப் பார்த்ததும் 'அட, நம்ம பெரிய மாமா' என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து, 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் சேமியுங்கள். பெயர்களைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள், அட்டையின் மேல் எழுத வேண்டாம்.

கடைசியாக, நீங்களும் அனுப்புங்கள். ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்தில் ஒரு டீ விலைக்குக் கை நிறைய அஞ்சலட்டை வாங்கலாம். பிள்ளைகளிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்துப் பானையும் கரும்பும் வரையச் சொல்லுங்கள், ஓவியம் சுமாராக இருந்தால்தான் பெறுகிறவர்களுக்குச் சந்தோஷம். 'இனிய பொங்கல் வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதி முடிக்காமல், வீட்டில் இந்த மாதம் நடந்த ஒரு சங்கதியையும் சேருங்கள். ஜனவரி 5, 6-ஆம் தேதிக்குள் பெட்டியில் போட்டால் பொங்கலுக்கு முன் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். பின்கோடை மறக்காதீர்கள், தேதி போடும்போது நாள், மாதத்தோடு நிறுத்தாமல் ஆண்டையும் முழுதாக எழுதுங்கள்.