ஆக்சஸ் கணக்கை பிரவுசருக்குக் கொண்டுபோவது எப்படி

போடிநாயக்கனூரில் கடை, கேரளப் பக்கம் குமுளியில் குடோன், வண்டன்மேட்டில் தோட்டம். ஏலக்காய்க் கணக்கோ கடைக் கம்ப்யூட்டரில் ஒரே ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) ஃபைலில். மலைமேல் இருப்பவர் ஒவ்வொரு லாட்டுக்கும் போன் போட்டுக் கேட்காமல் தன் செல்போனிலேயே இருப்பைப் பார்க்கவும், வரவைப் பதியவும் வழி இருக்கிறது.

ஃபைலை கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ போட்டு இரண்டு பக்கமும் திறக்காதீர்கள். ஆக்சஸ் திறந்திருக்கும்போது பக்கத்திலேயே ஒரு பூட்டு ஃபைல் உருவாகும். யார் எதை எழுதுகிறார் என்பது அதில்தான் இருக்கும். டிரைவ் வழியாக அது மறுபக்கத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. இருவரும் ஒரே சமயத்தில் எழுதுவார்கள். ஒருவர் போட்ட வரவு காணாமல் போகும், இல்லையென்றால் ஃபைலே கெடும். மைக்ரோசாஃப்ட் தந்த ஆக்சஸ் வெப் ஆப் வசதி ஷேர்பாயின்ட் ஆன்லைனில் 2018இலேயே மூடப்பட்டுவிட்டது. அதைச் சொல்லித்தரும் பழைய வீடியோக்களை நம்பி இறங்க வேண்டாம்.

ஆக்சஸ் ஃபார்மும் (பதிவுத் திரை) அதிலுள்ள விபிஏ கோடும் (ஆக்சஸுக்குள் எழுதும் புரோகிராம்) பிரவுசரில் ஓடாது. அதனால் கணக்கு இருக்கும் டேபிள்களை மட்டும், கடைக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வரான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். இது இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை போகலாம், ஆக்சஸ் ஃபைலுக்கோ 2 ஜிபிதான் எல்லை. கடைக்காரர்கள் பழகிய ஃபார்ம்கள் அப்படியே ஆக்சஸில் இருக்கட்டும், சர்வரிலுள்ள டேபிள்களை அவற்றோடு இணைத்துக்கொள்ளலாம். பிரவுசருக்கு இருப்பு, வரவு, பாக்கி என்று மூன்று திரை போதும். மொத்த சாஃப்ட்வேரையும் புதிதாக எழுத ஆரம்பிப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

மாற்றுவதற்கு முன் டேட்டாவைச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. பெயர்கள் பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்திருந்தால், உள்ளே இருப்பது தமிழே அல்ல; ‘க்’ என்பது ஆங்கில எஃப் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். பிரவுசரில் அது குப்பையாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றி, ஐம்பது பெயரையாவது கண்ணால் சரிபாருங்கள். சர்வரில் எழுத்துப் புலங்கள் யூனிகோடை ஏற்கும் என்வார்சார் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வார்சாராக இருந்தால் தமிழும் மலையாளமும் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும், அதைத் திரும்ப மீட்க முடியாது. ஒரே தோட்டக்காரர் பெயரை இங்கே தமிழிலும் அங்கே மலையாளத்திலும் எழுதுவார்கள். ஆகவே பெயரை வைத்துத் தேடாமல் ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். எடை ‘டபுள்’ (தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) வகையில் இருந்தால் டெசிமல் 10,3 (மூன்று தசம இடம்) என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் கூட்டிய எடையை இன்னொரு எடையோடு ஒப்பிடும்போது கடைசி தசமத்தில் ஒத்துப்போகாமல் உதைக்கலாம். ஒவ்வொரு டேபிளுக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் எண்) வையுங்கள், இல்லையேல் இணைத்த பிறகு ஆக்சஸில் அது வாசிக்க மட்டுமே திறக்கும். எந்தக் குடோன் என்பதற்கும் ஒரு நெடுவரிசை சேருங்கள்.

இனி ஃபைலை ஒரு நகல் எடுத்துவிட்டு, ஆக்சஸ் டேபிள்களைச் சர்வருக்கு மாற்றும் மைக்ரோசாஃப்டின் இலவச எஸ்எஸ்எம்ஏ கருவியால் அவற்றை ஏற்றுங்கள். ஆஃபீஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து அதற்கு ஏற்ற கருவியைப் போடாவிட்டால் அது ஃபைலையே திறக்காது. ஏற்றிய பின் ஆக்சஸிலிருந்து, ஆக்சஸையும் சர்வரையும் பேசவைக்கும் ஓடிபிசி டிரைவர் 17 அல்லது 18 மூலம் இணையுங்கள். விண்டோஸோடு வரும் பழைய ‘எஸ்க்யூஎல் சர்வர்’ டிரைவர், சர்வரின் டேட்டைம்2 வகைத் தேதியை வெறும் எழுத்தாகக் காட்டும்; தேதிவாரி வரிசை கலைந்துபோகும்.

இணைத்ததும் அடிக்கடி வரும் தொல்லை, ‘வேறொருவர் இந்தப் பதிவை மாற்றிவிட்டார்’ என்ற செய்தி. வேறு யாருமே மாற்றியிருக்க மாட்டார்கள். ஆம்/இல்லை புலம் காலியாக இருப்பதே பெரும்பாலும் காரணம். காலியானவற்றை 0 ஆக்கி, டிஃபால்ட்டையும் 0 என்று வைத்து, டேபிளில் ரோவெர்ஷன் (பதிவு மாறும்போதெல்லாம் தானே மாறும் எண்) நெடுவரிசை ஒன்று சேர்த்து, மறுபடி இணையுங்கள். ஆக்சஸில் ‘ஆம்’ என்பது -1, சர்வரில் அது 1. சர்வரில் ஓடும் குவெரியில் (தேடல் கட்டளை) -1 என்று தேடினால் பாக்கி லிஸ்ட் காலியாக வரும். அந்தக் குவெரியில் ‘எந்த எழுத்தும்’ என்று குறிக்கும் நட்சத்திரக் குறிக்குப் பதில் சதவீதக் குறி வர வேண்டும்.

வெப் பக்கத்தை பிஎச்பியிலோ பைத்தானிலோ, உங்கள் கம்ப்யூட்டர்காரருக்கு எது கைவருமோ அதில் எழுதச் சொல்லுங்கள். மலைமேல் சிக்னல் அறுந்து அறுந்து வரும் என்பதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘சேமி’யை அழுத்தியவர் பதில் வராததால் மறுபடி அழுத்துவார், 50 கிலோ மூட்டை 100 கிலோவாகப் பதிவாகிவிடும். திரை திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, அதை டேபிளில் யூனிக் (ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது) என்று வைத்துவிட்டால் இரண்டாவது பதிவைச் சர்வரே ஏற்காது.

1433 (எஸ்க்யூஎல் சர்வர்), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட்டுகளை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். உள்ளே நுழைய முயலும் புரோகிராம்கள் இடைவிடாமல் அவற்றைத் தட்டிக்கொண்டே இருக்கும். சொந்த டொமைன் (இணைய முகவரி) ஒன்று வாங்கி, போர்ட் திறக்காமலே வெப் பக்கத்தை இணையத்துக்குக் கொண்டுபோகும் கிளவுட்ஃபிளேர் டனல் போட்டால் நிலையான ஐபி தேவையில்லை, எச்டிடிபிஎஸ்ஸும் கூடவே வரும். செல்போன் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் ஐபியை வைத்து அனுமதிப்பது பலிக்காது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். வெப் பக்கம் பயன்படுத்தும் சர்வர் யூசருக்கு அந்த மூன்று திரைக்கு வேண்டிய டேபிள்களில் மட்டும் உரிமை, அழிக்கும் உரிமை கூடாது.

சர்வர் கடையில் இருப்பதால், போடியில் கரண்ட் போனால் குமுளியிலும் திரை நிற்கும். யூபிஎஸ் வையுங்கள், கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே இயங்கும்படி பயோஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) மாற்றுங்கள், சர்வர், வெப் பக்கம், டனல் மூன்றும் விண்டோஸ் சர்வீஸாக ஓடட்டும், அப்போதுதான் யாரும் லாகின் செய்யாமலே எழும்.

எக்ஸ்பிரஸ் பதிப்பில் பேக்கப்பைத் தானாக எடுக்கும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் இரவு ஓடும்படி அமையுங்கள். அந்த பேக்கப் ஃபைலை டிரைவில் தாராளமாகப் போடலாம், அதை யாரும் திறந்து எழுதப் போவதில்லை. மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் அதை ரீஸ்டோர் செய்து, மொத்த எடையும் பாக்கியும் கடைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.