உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

போன மாதம் கம்பம்மெட்டு ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்காரத் தம்பி மூன்று மாதக் கோம்பை இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். செவலை நிறம், கரிய மூஞ்சி. குட்டி சோறு தின்றுகொண்டிருந்தது. தம்பி குனிந்து தட்டை இழுத்தார். குட்டி மெல்ல உறுமியது. உடனே தலையில் ஓர் அடி. மறுபடி இழுத்தார், மறுபடி உறுமல், மறுபடி அடி. ஐந்தாவது தடவை குட்டியிடமிருந்து சத்தம் வரவில்லை.

"பாத்தீங்களாண்ணே, அடங்கிருச்சு" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கிலும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களிலும் நாய் பழக்குவதுதான் என் வேலை. தண்ணீர் வைக்க மறப்பது, தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது போன்றவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்கிறோமே, அந்தத் தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

உறுமலை அடித்து நிறுத்துவது

என் முதல் நாய் மணி. அதுவும் கோம்பைதான். சோற்றுத் தட்டின் பக்கம் போனால் உறுமும். இப்போதே அடக்காவிட்டால் வளர்ந்த பிறகு நம்மையே கடிக்கும் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். அடித்தேன். மூன்று வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, பொங்கல் லீவுக்கு அக்கா வீட்டார் வந்திருந்தார்கள். அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. பந்து உருண்டு மணியின் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எடுக்க ஓடினான். மணி உறுமவில்லை, குரைக்கவில்லை. பிள்ளை குனிந்ததும் கன்னத்தில் பல் இறங்கிவிட்டது.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள். அவன் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அக்கா இரண்டு வருஷம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இன்றைக்கு அவன் வேலைக்குப் போகிற பிள்ளை. எதிரே நாய் வந்தால் இப்போதும் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறான். மணியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்தோம், நோய் எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் ஒரு தோப்பில் கொண்டுபோய் விட்டேன். மிச்ச நாளெல்லாம் அது அங்கே சங்கிலியில்தான் கிடந்தது. அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை. "கிட்டே வராதே" என்று சொல்ல அதற்கு இருந்த ஒரே வார்த்தையை அடித்துப் பிடுங்கியது நான்.

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும், நாக்கால் மூக்கை நக்கும், தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும். அப்புறம் உடம்பு விறைக்கும், தின்பது சட்டென்று நிற்கும், அல்லது அவசரமாக விழுங்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். இத்தனையையும் நாம் கவனிக்காமல் விட்ட பிறகுதான் உறுமும். அதையும் மதிக்காவிட்டால் காற்றில் ஒரு கவ்வு, அதன் பிறகு கடி. உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறது. தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். அடித்த கையைக் கண்டு அது இன்னும் கூடியிருக்கும்.

மலைத்தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகக் கம்பி கட்டித் தகர டப்பாவைத் தொங்கவிடுவோம். தகரம் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று யாரும் அவிழ்த்து எறிவதில்லை. நாயின் உறுமலும் அந்தத் தகரம்தான்.

இதைச் சொன்னால் சிலர் ஓநாய்க் கதைக்குப் போவார்கள். கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயிப்பதே தலைவனாம், நாமும் அப்படி நாயை ஜெயிக்க வேண்டுமாம். அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ப் ஷெங்கல் என்ற ஆராய்ச்சியாளர் 1947-இல் எழுதியதிலிருந்து வந்த கருத்து இது. 1970-இல் அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெச், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலம் இருந்து பார்த்த பிறகு, 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பம். சொன்னவரே மாற்றிக்கொண்ட கருத்தை வைத்துக்கொண்டு இங்கே இன்னும் குட்டிகளின் மண்டையில் அடிக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, உறுமினால் என்ன செய்வது? அந்த நொடியில் எதுவும் செய்ய வேண்டாம். நின்ற இடத்திலிருந்து மெதுவாக விலகுங்கள். மறுநாளிலிருந்து வேலையைத் தொடங்கலாம். நாய் தின்னும்போது, அதன் உடம்பு விறைக்காத தூரத்தில், பத்தடியோ பதினைந்து அடியோ, நடந்து போங்கள். போகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, ஒரு துண்டு வேகவைத்த முட்டையோ கோழியோ, அதன் பக்கம் வீசிவிட்டுப் போய்விடுங்கள். நிற்காதீர்கள், குனியாதீர்கள், தடவாதீர்கள். ஒரு வேளைக்கு மூன்று நான்கு தடவை போதும். உங்களைக் கண்டதும் தலையைத் தூக்கி வாலை ஆட்டத் தொடங்கினால் ஓரடி நெருங்கலாம். விறைத்தால் இரண்டடி பின்னால் வாருங்கள். ஆள் வந்தால் சோறு போகும் என்று நினைத்த நாய், ஆள் வந்தால் முட்டை வரும் என்று நினைக்க வேண்டும். வேறு ரகசியம் இல்லை.

தோப்புக்காரத் தம்பியின் குட்டிக்கும் இதையே செய்தோம். குட்டி என்பதால் சீக்கிரம் மாறியது. ஒன்பதாம் நாள் தம்பி பக்கத்தில் போய் நின்றபோது தட்டை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தது. வளர்ந்த நாய்க்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஏற்கெனவே கடித்த நாயாக இருந்தால் நீங்களே முயற்சி செய்ய வேண்டாம், பழக்கத் தெரிந்தவரை வரவழையுங்கள். எந்த நாயானாலும் தின்னும்போதும் தூங்கும்போதும் குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

இன்னொன்று. இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமினால் முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். வண்டன்மேட்டில் ஒரு லாப்ரடார் தலையைத் தொட்டாலே உறுமுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மழைக்கால ஈரத்தில் மடிந்த காதுக்குள் புண் வைத்திருந்தது. பல்வலி, மூட்டுவலி, கால் விரலிடுக்கில் உண்ணி என்று எதுவாகவும் இருக்கலாம். வலிக்குப் பயிற்சி மருந்தாகாது.

'வா' என்ற சொல்லைக் கெடுப்பது

கேரள எல்லைப்பக்கத்து வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரு தோட்ட பங்களாவில் முதலாளி மலையாளத்தில் 'இரிக்கு' என்பார், காவல்காரர் 'உக்காரு' என்பார், லீவுக்கு வந்த பேரன் 'சிட்' என்பான். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வேலைக்கு ஒரு சொல் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல வேளையாக 'வா' இரண்டு மொழிக்கும் பொது. அதனால் அதையே நான் எல்லா இடத்திலும் வைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சொல்லைத்தான் பாழாக்குகிறார்கள். கட்டிப்போட 'வா', குளிப்பாட்ட 'வா', ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கோழியைப் பிடித்ததற்கு உதைக்க 'வா'. நாய்க்குக் கோழி நினைவில் இல்லை. கூப்பிட்டார்கள், போனேன், அடி விழுந்தது என்பதுதான் பதியும். அடுத்த தடவை ஜீப் வருகிற ரோட்டில் நின்றுகொண்டிருக்கும்போது கூப்பிட்டால் வராது. வந்த நாய்க்கு என்றைக்கும் நல்லதுதான் நடக்க வேண்டும். பிடிக்காத வேலை என்றால் நீங்களே அதனிடம் போங்கள்.

குட்டியிலிருந்தே சங்கிலி

ஆள் முகமே பார்க்காமல் கட்டி வளர்த்தால் நல்ல காவல் நாயாகும் என்பது எங்கள் பக்கத்தில் வேரூன்றிய நம்பிக்கை. பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டி பார்க்கிற மனிதர்கள், வண்டிகள், சத்தங்கள், பிராணிகள்தான் அதற்குச் சாதாரணமாகத் தெரியும். அந்த நாட்களைப் புளியமரத்தடியில் கட்டிப்போட்டுக் கழித்த நாய் திருடனையும் தபால்காரரையும் ஒன்றாகத்தான் பார்க்கும். அது காவல் இல்லை, பயம். தடுப்பூசி முடியும் வரை பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு அஞ்சித் தரையில் விடத் தயங்கினால் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, சந்தை என்று காட்டுங்கள். நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

திராட்சையைப் பரிசாகக் கொடுப்பது

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் நாய்க்குத் திராட்சை விஷம். சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைக் கொன்றுவிடலாம், அதனால் 'ரெண்டு பழம்தானே' என்ற கணக்கு உதவாது. பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் அப்படியே. தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வரும் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயைத் தள்ளிவிடுவது

அணைத்தால் பயம் அதிகமாகிவிடும் என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படி ஆகாது. அணைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் மூத்திரம் போன குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பது

வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குட்டியை வெளியே கூட்டிப் போங்கள்.