காதைக் குத்தும் எலெக்ட்ரிக் கிற்றார் ஒலியை மென்மையாக்குவது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எலெக்ட்ரிக் கிற்றார் வாசிக்கும் பலரிடம் தனி அம்பிளிபயர் இல்லை. கோயில் மேடையோ தேவாலயமோ, நேராக மிக்சரில் செருகித்தான் வாசிக்கிறார்கள். ஒலி குத்துவதற்கு முதற் காரணம் இதுவே. கிற்றாருக்கென்று செய்த ஸ்பீக்கர், ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தானாகவே தணித்துவிடும். திருவிழாவுக்குக் கட்டும் ஒலிபெருக்கி அப்படிச் செய்யாது. தகரக் கூரை மண்டபமென்றால் கேட்கவே வேண்டாம்.

மிக்சரில் ‘ஹை’ குமிழை எவ்வளவு குறைத்தாலும் போதாது. சிறிய மிக்சர்களில் அது பெரும்பாலும் 10, 12 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியே வேலை செய்கிறது. குத்துவதோ 3 முதல் 5 வரையான பகுதி. கையில் பணம் இருந்தால் டிஸ்டோர்ஷன் பெடல் வாங்குவதற்கு முன்பே, கிற்றார் ஸ்பீக்கரைப் போல ஒலியை மாற்றித் தரும் கேபினட் சிமுலேட்டர் ஒன்றை வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான அபிப்பிராயம்.

அடுத்தது பிக்அப்பின், அதாவது தந்திகளின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருளின், உயரம். மெல்லிய தந்திகளின் பக்கத்துத் திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிப் பிக்அப்பை இறக்கி, ஒவ்வொரு முறையும் வாசித்துக் கேளுங்கள்.

இனி, பலர் தடுமாறும் இடம். மூன்று பிக்அப் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிற்றாரின் பழைய வயரிங் முறையில் இரண்டு டோன் குமிழ்களும் கழுத்துப் பக்கத்து, நடுப் பிக்அப்களுக்கு மட்டுமே. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே இருந்து மிகக் கூர்மையாக ஒலிக்கும் பிரிட்ஜ் பிக்அப்புக்கு டோன் கட்டுப்பாடே கிடையாது! குமிழைத் திருகியும் ஒலி மாறவில்லையென்றால் குமிழ் பழுதில்லை; அதற்குக் கம்பியே போகவில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு துண்டுக் கம்பி போதும். தந்திகளைத் தளர்த்தி, பிக்அப்களும் குமிழ்களும் பொருத்திய முன்தகடான பிக்கார்டைக் கழற்றித் திருப்புங்கள். ஐந்து நிலை சுவிட்சில் டோன் குமிழ்களின் கம்பிகள் வந்து சேரும் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே வெறுமையாக ஒரு கால் (கம்பியைப் பற்றவைக்கும் உலோக முனை) இருக்கும். நடுப் பிக்அப்பின் டோன் கம்பி நிற்கும் காலையும் அந்த வெறுங்காலையும் இணைத்துப் பற்றவையுங்கள். இனி இரண்டாவது டோன் குமிழ் பிரிட்ஜ் பிக்அப்பையும் ஆளும். அதை 6, 7 அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

மலிவான கிற்றார்களில் எட்டுக் கால்களும் ஒரே வரிசையில் இருக்கும் சுவிட்ச் வரும். கண்ணால் பார்த்து ஊகிக்காதீர்கள். சுவிட்சை பிரிட்ஜ் நிலையில் வைத்து, டோன் பக்கத்துப் பொதுக் காலோடு (எல்லா நிலைகளிலும் தொடர்பில் இருக்கும் கால்) எந்த வெறுங்கால் தொடர்பு காட்டுகிறது என்று மல்டிமீட்டரால் பாருங்கள். என் தெரிவு 40 வாட் சோல்டரிங் அயன். வலுக்குறைந்த அயனை நெடுநேரம் வைத்து அழுத்தினால் சுவிட்சின் பிளாஸ்டிக் உருகிவிடும்.

பிற்சேர்க்கை: ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்அப்) கிற்றாருக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் வழமையாக 500 கிலோஓம் குமிழ்கள் இருக்கும். வால்யூம் குமிழை மட்டும் 250 கிலோஓமுக்கு மாற்றினாலே கூர்மை குறையும். பற்றரி போடும் அக்டிவ் பிக்அப்பில் இதைச் செய்ய வேண்டாம். அவை பெரும்பாலும் 25 கிலோஓம் குமிழ்களுக்கென்றே அமைந்தவை.