போலந்துக்காரர்களுக்கென்று ஒரு முகம் உண்டா: இக்கேள்வியை ஆராயும் முறை

படிப்பு, வேலை, பயணம், திருமண உறவு என ஏதோ ஒரு காரணத்தால் போலந்தோடு தொடர்பு ஏற்படுபவர்களுக்கு, அந்நாட்டு மக்கள் பார்ப்பதற்கு எப்படி இருப்பார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. ‘பொன்னிற முடி, நீலக் கண், அகன்ற கன்னம்’ என்று ஒரு விடை எளிதில் கிடைத்துவிடும். ‘அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, எல்லாரும் மனிதர்கள்தாம்’ என்ற மற்றொரு விடையும் அதே எளிமையோடு கிடைக்கும். இரண்டுமே கேள்வியைத் தட்டிக் கழிப்பவை. ஒரு நாட்டு மக்களிடம் சில உடற்கூறுகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் இருப்பது உண்மை. அதிலிருந்து ஒரே முகத்தை வரைந்துவிட முடியாது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கான வழியைப் போலந்தை வைத்தே விளக்க முயல்கிறேன்.

முதலில், ‘போலந்துக்காரர்’ என்று யாரைச் சொல்கிறோம், எந்தக் காலத்துப் போலந்தைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். 1931-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நாட்டினரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் மட்டுமே போலிஷைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டனர். உக்ரைனியர், யூதர், பெலாரூசியர், ஜெர்மானியர் முதலியோர் எஞ்சிய பங்கினர். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த மக்கள்தொகை உருத்தெரியாமல் மாறியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கு வாழ்ந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பத்தில் ஒன்பது பேரை நாஜிகள் கொன்றனர். 1945-இல் நாட்டின் எல்லைகள் மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டபோது, புதிதாகச் சேர்ந்த பகுதிகளிலிருந்து பல லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டு, இழந்த கிழக்குப் பகுதிகளான லிவீவ், வில்னியஸ் சுற்றுவட்டாரங்களிலிருந்து வந்தவர்கள் வ்ரோத்ஸ்வாஃப் போன்ற நகரங்களில் குடியேற்றப்பட்டனர். 1947-இல் ‘விஸ்துலா நடவடிக்கை’ என்ற பெயரில் ஏறத்தாழ 1,40,000 உக்ரைனியரும், கார்பாத்திய மலைவாழ் சிறுபான்மையினரான லெம்கோக்களும் தென்கிழக்கு மலைப்பகுதிகளிலிருந்து வடக்கிலும் மேற்கிலும் சிதறடிக்கப்பட்டனர். இன்றைய போலந்தின் தெருக்களில் ஒரே சாயல் தென்படுவதாகத் தோன்றினால், அதைத் தொன்மையின் சான்றாகக் கொள்வதற்கு முன் இந்த எண்பது ஆண்டு வரலாற்றை நினைத்துக்கொள்ள வேண்டும். ‘ஆதிகாலம் தொட்டே இவர்கள் இப்படித்தான்’ என்று தொடங்கும் விளக்கம் எதையும் நம்பாதீர்கள்.

அடுத்து, ‘தோற்றம்’ என்ற மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு கூறையும் தனித்தனியே பாருங்கள். முடியை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டார் எதிர்பார்க்கும் பளீரென்ற பொன்னிறம் வளர்ந்தவர்களிடம் பெரும்பான்மையாக இல்லை. கரும்பொன்னிறத்திலிருந்து நடுத்தரப் பழுப்பு வரையிலான, வெயிலில் ஒன்றாகவும் நிழலில் வேறாகவும் தெரிகிற ஒரு நிறவரிசைதான் அங்கு மிகுதி. அதை எலி நிறம் என்று அவர்களே சலித்துக்கொள்வதுண்டு. வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: வெளுத்த வைக்கோல் நிறத் தலையோடு இருக்கும் ஐந்து வயதுக் குழந்தை இருபது வயதில் பழுப்பு முடியோடு நிற்பது அங்கு வெகு சாதாரணம். ஆகவே பள்ளி மைதானத்தைப் பார்த்து எழுதுபவரும் அலுவலகத்தைப் பார்த்து எழுதுபவரும் இரு வேறு நாடுகளைப் பற்றி எழுதியதுபோல் இருக்கும். சாயம் பூசும் பழக்கம் பரவலாக உள்ள நாட்டில், வளர்ந்த பெண்களின் முடி நிறத்தைச் சான்றாகக் காட்டுவது மேலும் ஆபத்தானது.

கண்களைப் பொறுத்தவரை நீலம், சாம்பல், பச்சை என இளநிறங்கள் பெரும்பான்மை என்று துணிந்து சொல்லலாம். பழுப்புக் கண்களும் ஏராளம். 2015-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வழங்கப்பட்ட போலந்து அடையாள அட்டைகளில் ஒருவரின் உயரமும் கண் நிறமும் பதியப்பட்டன. பியர் நிறம் என்று அவர்கள் வழங்கும் தேன்பழுப்பும் அந்த நிறங்களுள் ஒன்று. பின்னர் வந்த அட்டைகளில் இவ்விரண்டு விவரங்களும் நீக்கப்பட்டன.

உயரத்தை ‘இனக்கூறு’ என்று கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு போதும்: இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட போலந்து இளைஞர்களின் சராசரி உயரம் 1960-களின் நடுவில் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர், நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 176. இடையில் மாறியது உணவும் வாழ்க்கைத் தரமும் மருத்துவ வசதியும்தான், வம்சம் மாறவில்லை.

ஒவ்வொரு கூறும் எவ்வளவு மிகுதி என்று தெரிந்தபின், கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ‘போலந்துக்காரர்களில் பலருக்கு இளநிறக் கண்கள்’ என்பது ஒரு கூற்று. ‘இளநிறக் கண்கள் கொண்ட இவர் போலந்துக்காரராக இருக்கலாம்’ என்பது முற்றிலும் வேறு கூற்று. போலந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 கோடி, ஐரோப்பாவின் மக்கள்தொகை 74 கோடியை ஒட்டியது. கணக்குப் பார்த்தால் ஐரோப்பியர் இருபது பேரில் ஒருவர்தான் போலந்துக்காரர். அதே முடியும் அதே கண்களும் லிதுவேனியா, பெலாரூஸ், செக், வடக்கு ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளில் தாராளமாக உண்டு என்னும்போது, முகத்தை மட்டும் வைத்து நாட்டைச் சொல்வது பெரும்பாலும் குருட்டு அதிர்ஷ்டமாகவே முடியும். ஒரு கூறு ஒரு மக்களிடம் மிகுதியாக இருந்தால் போதாது. அண்டை மக்களிடம் அரிதாகவும் இருந்தால்தான் அது அடையாளமாகும். போலந்துக்கு அப்படி ஒரு கூறும் இல்லை என்பதே என் கருத்து.

மரபணு ஆய்வுகளை மேற்கோள் காட்டும்போதும் இதே எச்சரிக்கை தேவை. போலந்து ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ஒய் குரோமோசோம் ஆர்1ஏ என்ற பிரிவைச் சேர்ந்தது. இதைக் கண்டவுடன் ‘ஸ்லாவிய மரபணு’ என்று தலைப்பிடுவோர் உண்டு. ஆனால் ஒய் குரோமோசோம் தந்தை, தந்தையின் தந்தை என்ற ஒற்றைக் கோட்டை மட்டுமே காட்டும். மூக்கையோ கன்னத்தையோ கண் நிறத்தையோ அது தீர்மானிப்பதில்லை. அதே ஆர்1ஏ-வின் மற்றொரு கிளை தமிழ்நாடு உட்பட இந்தியா முழுவதும் காணப்படுகிறது என்பதே இதற்குப் போதிய விளக்கம். கண் நிறத்தில் பெரும்பங்கு வகிப்பது 15-ஆம் குரோமோசோமில் உள்ள ஹெச்இஆர்சி2, ஓசிஏ2 மரபணுக்களின் பகுதி, செம்முடிக்கு எம்சி1ஆர். இம்மாறுபாடுகள் எவையும் போலந்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

இவ்வகைச் சான்றுகளை எப்படிப் படிப்பது என்பதற்கு வானியலாளர் கோப்பர்நிக்கஸைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1543-இல் இறந்த அவர் வடக்குப் போலந்திலுள்ள ஃப்ரோம்போர்க் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை எது என்பது பல நூற்றாண்டுகளாகத் தெரியவில்லை. 2005-இல் பேராலயத் தளத்தின் கீழே எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆணின் மண்டையோடு கிடைத்தது. வார்சா காவல்துறையின் தடயவியலாளர் அதிலிருந்து முகத்தை மீட்டமைத்தபோது, பழைய ஓவியங்களோடு பொருந்தும் உடைந்த மூக்குள்ள ஒரு முதியவர் வெளிப்பட்டார். பின்னர், பதினேழாம் நூற்றாண்டுப் போரில் சுவீடன் படையினர் கொள்ளையடித்துச் சென்று இன்று உப்சாலாவில் இருக்கும் அவருடைய நூல் ஒன்றின் தாள்களுக்கிடையே கிடந்த முடிகளில் இரண்டு, அந்த எலும்புகளின் மரபணுவோடு ஒத்துப்போயின. வியப்பு அதோடு நிற்கவில்லை: அவருடைய ஓவியங்களில் கண்கள் கருமையாக இருக்க, மரபணுவோ இளநிறக் கண்களையே சுட்டியது. இதை வைத்து அவர் போலந்துக்காரரா ஜெர்மானியரா என்ற பழைய வழக்கைத் தீர்த்துவிட முடியுமா என்றால், முடியாது. இரு தரப்பிலும் அத்தகைய கண்கள் மிகுதி. ஒரு தனிமனிதரின் கண் நிறத்தை ஊகித்துச் சொல்ல மரபணுவால் முடிந்தது. அவருடைய நாட்டைச் சொல்ல அதனால் முடியவில்லை.

இனி, ‘போலந்து முகம்’ என்ற படத்தை யார், எதற்காக வரைந்தார்கள் என்று கேளுங்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை போலந்துப் பிரபுக்கள், பழங்காலக் குதிரைவீரர்களான சர்மாத்தியரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று நம்பினர். நிலத்தில் உழைத்த குடியானவர்களுக்கு அந்த வம்சப் பெருமையில் பங்கு கிடையாது. அக்காலத்துச் சவப்பெட்டி உருவப்படங்கள் இன்றும் போலந்து அருங்காட்சியகங்களில் உள்ளன: அறுகோணமாக வெட்டிய உலோகத் தகட்டில் தீட்டி, இறுதிச் சடங்கின்போது சவப்பெட்டியின் தலைமாட்டில் பொருத்தப்பட்டவை. பக்கங்களில் மழித்த தலை, உச்சியில் ஒரு குடுமி, கீழ்நோக்கித் தொங்கும் மீசை ஆகியவை சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக இருக்கும். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், ஓவியர்கள் ஒளிவுமறைவின்றித் தீட்டிய சுருக்கங்களும் பரு வடுக்களும் தளர்ந்த இமைகளும் ஒருவரை மற்றொருவரிடமிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டும். அங்கே ‘மாதிரி’யாக இருப்பது சவரக்கத்தியின் வேலை.

இருபதாம் நூற்றாண்டில் அந்த வேலையை அளவுகோல் எடுத்துக்கொண்டது. லிவீவில் பணியாற்றிய யான் செக்கானோவ்ஸ்கி போன்ற மானிடவியலாளர்கள் மண்டையோட்டின் நீள அகலம், மூக்கு, முடி, கண் ஆகியவற்றை அளந்து மக்களை ‘நோர்டிக்’, ‘தினாரிக்’ முதலான வகைகளாகப் பிரித்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்கூட வெவ்வேறு வகைகளில் விழக்கூடிய இப்பகுப்பை மானிடவியல் பின்னர் கைவிட்டது. எனினும் இணையத்தில் ‘போலந்து முகவகைகள்’ என்ற பெயரில் உலவும் பட்டியல்கள் பெரும்பாலும் இச்சொற்களையே பயன்படுத்துகின்றன. அவற்றைக் கண்டவுடன், நூறாண்டுப் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடலாம்.

போர்க்கால ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது இதே அளவுகோல் உயிர்களைத் தீர்மானித்தது. போலந்துக்காரர்களைத் தாழ்ந்த இனத்தினர் என்று அறிவித்த நாஜிகள், அவர்களுடைய குழந்தைகளில் வெளிர் முடியும் நீலக் கண்களும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துக் கடத்தி, ஜெர்மன் பெயர் சூட்டி, ஜெர்மன் குடும்பங்களிடம் ஒப்படைத்தனர். போலந்துத் தரப்பின் மதிப்பீட்டின்படி அக்குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,00,000. தங்கள் கோட்பாட்டுக்கு ஏற்ற முகங்கள் எதிரியின் வீட்டில் கிடைத்தபோது கோட்பாட்டைத் திருத்தாமல் குழந்தைகளைத் திருடினர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மறுபக்கம், வார்சாவின் யூதச் சேரிக்கு வெளியே பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்த யூதர்களிடையே ‘நல்ல தோற்றம்’, ‘மோசமான தோற்றம்’ என்ற பேச்சு இருந்தது. வெளிர் முடியும் இளநிறக் கண்களும் நல்ல தோற்றம். அது வாய்த்தவர்கள் தெருவில் நடமாட முடிந்தது, வாய்க்காதவர்கள் மறைவிடத்தை விட்டு வெளிவர முடியவில்லை. சாயம் பூசி முடியை வெளுக்கச் செய்த பெண்கள், வேர்க்கால்களில் கருமை எட்டிப் பார்ப்பதற்குள் மீண்டும் பூச வேண்டியிருந்தது. காட்டிக்கொடுப்பதாக மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் தெருமுனைகளில் காத்திருந்தனர். அவர்கள் கவனித்தவை முகக்கூறுகள் மட்டுமல்ல: பயந்த பார்வை, தயங்கிய நடை, பேச்சில் யூதர்களின் இத்திஷ் மொழியின் சாயல். ‘போலந்து முகம்’ என்ற எதிர்பார்ப்பு இருந்ததற்கும், அது முகத்தோடு நிற்கவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

வட்டார வேறுபாடுகளைத் தேடுபவர்கள் தெற்கிலுள்ள தத்ரா மலையடிவாரத்துக் குரால்கள் என்ற மலைவாழ் மக்களின் கூர்மூக்கைச் சொல்வது வழக்கம். அந்த மலைநாட்டில் தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த வலாக்கிய மேய்ப்பர்களின் கலப்பு இருந்ததால் பேச்சிலும் இசையிலும் உடையிலும் தனித்தன்மை உண்டு. மூக்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த உடையைப் பார்த்தபின் எழுவது. வடகிழக்கில் போத்லாசியே பகுதியிலுள்ள க்ருஷினியானி, போஹோனிகி சிற்றூர்களில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி நிலம் வழங்கிய தாத்தார் வீரர்களின் சந்ததியினரும் மர மசூதிகளும் இன்றும் உள்ளனர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சோசலிசக் காலம் தொட்டு வார்சாவில் வேரூன்றிய வியட்நாமியரின் பிள்ளைகள் போலிஷில்தான் சண்டை போடுகிறார்கள். நைஜீரியாவில் பிறந்த கால்பந்து வீரர் எம்மானுவேல் ஒலிசாடெபே 2000-இல் குடியுரிமை பெற்று, 2002 உலகக் கோப்பையில் போலந்துக்காக ஆடினார். இவர்களை ‘விதிவிலக்கு’ என்று அடிக்குறிப்பில் தள்ளுவதா, கணக்கில் சேர்ப்பதா என்பது முதலில் நீங்கள் எடுத்த முடிவைப் பொறுத்தது. எதுவாயினும் அம்முடிவை உங்கள் விடையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

லண்டனிலோ சிகாகோவிலோ வாழும் போலந்துக்காரர்கள், சக நாட்டினரை நூறடி தொலைவிலேயே கண்டுகொள்ள முடியும் என்று சாதிப்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. முடிவெட்டு, காலணி, கைப்பை, அந்நியரைப் பார்த்துச் சிரிக்காத முகபாவம் ஆகியவை நிறையச் சொல்லும். இவற்றை நீக்கிவிட்டு முகம் மட்டும் என்ன சொல்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். போலந்து, செக், உக்ரைன் ஆகிய மூன்று நாடுகளின் கால்பந்து அணிகளிலிருந்து அணிக்குப் பத்து வீரர்களின் படங்களை எடுத்து, சட்டை தெரியாமல், முடியும் இயன்றவரை மறையுமாறு வெட்டிக் கலந்து, அந்த வீரர்களை அறியாத ஒரு நண்பரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஊகத்திலேயே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும் என்பதால், முப்பதில் பத்து சரியென்றால் அவர் எதையும் கண்டறியவில்லை என்று பொருள். பதினைந்தைத் தாண்டினால், எதை வைத்துச் சொன்னார் என்று ஒவ்வொரு படமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, புதிய முப்பது படங்களோடு மீண்டும் ஒருமுறை நடத்துங்கள்.