வீட்டு லேப்டாப் வாங்கப் போறீங்களா? முதலில் ரேமைப் பாருங்க

கரண்ட் பில் கட்ட, பிள்ளைகள் பாடம் படிக்க, ராத்திரி ஒரு படம் பார்க்க, இவ்வளவுதான் வேலை என்றால் சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் ஆசையாக எடுத்து நீட்டும் கேமிங் லேப்டாப் பக்கமே போக வேண்டாம். எடை அதிகம், சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

விண்டோஸ் 11 ஓட 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மைதான், ஆனால் குரோமில் பத்து டேப் திறந்து கூடவே ஒரு வீடியோ காலும் போட்டால் மூச்சு வாங்கும். 8 ஜிபி சமாளிக்கும், 16 ஜிபி நிம்மதி. இதில் ஒரு வில்லங்கம் உண்டு: மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுவார்கள், பிறகு கூட்டவே முடியாது. "ரேம் செருகுற ஸ்லாட் காலியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஸ்டோரேஜ், அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் இடம், 512 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சிப் வகைச் சேமிப்பு) இருக்கட்டும். விலை குறைவு என்று அத்தைக்கு 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியை விட மெதுவான, மலிவான சேமிப்பு) உள்ள லேப்டாப் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இடமில்லாமல் நான் போட்டோக்களை அழித்துக்கொண்டிருந்த கதை தனி.

திரை ஃபுல் எச்டி, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை). கடையிலேயே பக்கவாட்டில் நின்று பாருங்கள், நிறம் வெளுத்தால் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால் விண்டோஸ் 11 ஏறுமா என்று கட்டாயம் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது.