‘தி தீஃப் அண்ட் தி காப்ளர்’: எந்த வடிவத்தை முதலில் பார்ப்பது?

ரிச்சர்ட் வில்லியம்ஸ் லண்டனில் 1964-இல் தொடங்கி 1992-இல் பறிகொடுத்த இந்த நகைச்சுவை அனிமேஷன் படத்துக்கு ஒரே வடிவம் என்று எதுவும் இல்லாததால், முதலில் கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டு ‘இதற்கா இத்தனை பேச்சு’ என்று ஒதுக்கிவிட நேரலாம்.

முன்கதை ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. முல்லா நஸ்ருதீன் கதைகளாகத் தொடங்கிய வேலை இது. அக்கதைகளைத் தொகுத்த எழுத்தாளர் இத்ரீஸ் ஷாவின் குடும்பத்தாரோடு ஏற்பட்ட பிணக்கால் 1970-களின் தொடக்கத்தில் முல்லாவைக் கைவிட்ட வில்லியம்ஸ், திருடன் உள்ளிட்ட, தான் வடிவமைத்த பாத்திரங்களை வைத்துக்கொண்டு புதிய கதை கட்டினார். அவர் அனிமேஷனை இயக்கிய ‘ரோஜர் ராபிட்’ படம் 1988-இல் பெற்ற வெற்றியால் வார்னர் பிரதர்ஸ் துணைக்கு வந்தது. ஆனால் கெடு தவறவே, படத்தை முடித்துத் தருவதற்குப் பிணை நின்ற நிறுவனம், ஏறத்தாழக் கால் மணி நேரக் காட்சிகளே மிச்சமிருந்த நிலையில், 1992 மே மாதம் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

எனவே, பிறர் கையால் முடிக்கப்பட்டு 1995-இல் மிராமாக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட வடிவத்தில் தொடங்காதீர்கள். வாயே திறக்காத திருடனுக்கு அதில் ஓயாத மனக்குரல் கொடுத்திருக்கிறார்கள். ஈக்கள் மொய்க்க அவன் மௌனமாக நடந்துவருவதே நகைச்சுவை என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை போலும். காரெட் கில்கிறிஸ்ட் என்ற ரசிகர் வில்லியம்ஸின் முடிவுறாத காட்சிகளைக் கொண்டு 2006-இல் தொடங்கித் தொகுத்த ‘ரீகாப்ல்டு கட்’ வடிவத்திலேயே தொடங்குங்கள். முடிவுறாத இடங்களில் வண்ணம் மறைந்து பென்சில் கோடுகள் தெரியும்போது, பிரதி பழுதென்று எண்ணிவிட வேண்டாம்.

முழுப் படத்தையும் ஒருமுறை பார்த்தபின், மந்திரி ஜிக்ஜாக் சீட்டுக்கட்டைக் கலைக்கும் காட்சிக்குத் திரும்புங்கள். யூடியூபில் என்றால், காணொளியை நிறுத்திவிட்டு விசைப்பலகையின் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் சட்டம் சட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) நகரும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைப்பதே கையால் வரையும் அனிமேஷனில் பெருவழக்கு. இங்கோ விநாடிக்கு 24 ஓவியங்கள் வரையப்பட்டதால், ஒவ்வொரு தட்டலிலும் ஏதேனும் ஒரு சீட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து, கருப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த அரண்மனைத் துரத்தலைப் பாருங்கள்: பாரசீகச் சிற்றோவியங்களைப் போலத் தட்டையாக வரைந்திருப்பதால், சுவர் எது, தரை எது என்பது பாத்திரம் அதன்மேல் ஓடும்போதுதான் தெரியவரும்.

மிராமாக்ஸ் வடிவத்தைக் கடைசியில், அதுவும் இறுதிப் போர் எந்திரக் காட்சிக்கு மட்டும், ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். எல்லாம் சரிந்து விழுந்துகொண்டிருக்க, நகரைக் காக்கும் தங்கப் பந்துகளைத் தவிர வேறெதையும் கவனிக்காத திருடன், குரல் இல்லாதபோது எவ்வளவு சிரிப்பூட்டுகிறான் என்பது உடனே விளங்கும். தயாரிப்பில் நடந்ததை விரிவாக அறிய விரும்புவோர் கெவின் ஷ்ரெக்கின் ‘பெர்சிஸ்டன்ஸ் ஆஃப் விஷன்’ (2012) ஆவணப்படத்தை இதன்பின் வைத்துக்கொள்ளலாம்.