இளையோர் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலா வாசிப்பவர்களின் வரிசையில், கடைசி நாற்காலியில் ஒரு சிறுமி. பக்கத்தில் இருப்பவனின் வில் மேலே போனால் அவளுடையதும் மேலே போகிறது, கீழே வந்தால் கீழே வருகிறது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் வில் தந்தியைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி. இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் தப்பா வாசிச்சா எல்லாரையும் நிறுத்திடுவாங்க சார்" என்றாள்.

அவள் சோம்பேறி இல்லை. வாசிக்கக் கொடுத்த இசை அவள் கைக்கு மீறியது. தவறினால் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டுமே என்ற பயம் வேறு. இரண்டுமே ஆசிரியர் பக்கத்திலிருந்து வந்தவை. சுரம், விரல், வில் பிடிக்கும் முறை என எல்லாவற்றையும் ஒரு குழந்தை தனி வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். தான் வாசித்துக்கொண்டே அடுத்தவர் வாசிப்பதையும் கேட்பது மட்டும் குழுவில் உட்கார்ந்தால்தான் வரும். அதைக் கெடுக்கிற எதுவும் இங்கே பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன்.

கைக்கு மீறிய இசை

முதல் தவறு, கச்சேரி அறிவிப்பில் நன்றாகத் தெரியும் என்பதற்காக ஒரு பெரிய படைப்பைத் தேர்ந்தெடுப்பது. முன்வரிசையில் நாலைந்து பேர் தேறியவர்கள் இருந்தால் போதும், அவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மேடையில் கைதட்டலும் கிடைக்கும். பின்வரிசையில் இருப்பவர்கள் அந்த மூன்று மாதமும் வில்லை ஆட்டியதோடு சரி.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் ஒத்திகையில், குறித்திருக்கும் வேகத்தில் பாதியில் வாசிக்க விடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது கடைசி வரிசையை. அந்த வேகத்திலும் அவர்கள் பாதி வழியில் தொலைந்துபோனால், அந்தப் படைப்பை அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள்.

படைப்பு எல்லாருக்கும் பொருந்தி, சிலருக்கு மட்டும் கடினமாக இருந்தால் அவர்கள் பகுதியை எளிதாக்கி எழுதிக் கொடுங்கள். அதை அவமரியாதை என்று நினைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சிறுமிக்கு, வேகமாக வரும் நான்கு நான்கு சுரங்களில் முதல் சுரத்தை மட்டும் வாசிக்கும்படி பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தோம். அன்றே வில் தந்தியைத் தொட்டது. மூன்றாவது வாரம் வட்டம் போடாத சுரங்களையும் அவளே சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

தேர்ந்தெடுக்கும்போது யார் யார் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். 1808-இல் முதல் முறையாக மேடையேறிய பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் டிராம்போன்கள் என்ற பித்தளைக் கருவிகள் நான்காம் பகுதியில்தான் நுழைகின்றன. பெரியவர்கள் அந்த மூன்று பகுதிகளையும் ரசித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பதிமூன்று வயதுப் பையனை வாராவாரம் அப்படி உட்கார வைத்தால், அவன் வராமல் நின்றுவிடுவான். அப்படிக் காத்திருக்கும் பிள்ளைகளைத் தனி அறையில் ஒரு உதவி ஆசிரியரோடு பிரித்தெடுத்துப் பயிற்சி கொடுக்கலாம், அதே கச்சேரியில் பித்தளைக் கருவிகளுக்கென்று ஒரு சிறு படைப்பும் சேர்க்கலாம்.

சுருதியை நீங்களே சேர்த்துக் கொடுப்பது

நேரம் மிச்சமாகும் என்று ஆசிரியரே ஒவ்வொரு வயலினாக வாங்கிச் சுருதி சேர்த்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு அது வேண்டும்தான், குமிழைத் திருப்பக் கையில் பலம் இருக்காது. ஆனால் வளர்ந்த பிறகும் அது தொடர்ந்தால், சுருதி என்பது ஆசிரியரின் வேலை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். எலெக்ட்ரானிக் ட்யூனரும் அதையேதான் செய்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் கண் நிம்மதி அடைகிறது, காதுக்கு வேலையே இல்லை.

ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக ஓபோ என்ற காற்றுக்கருவி 'ஏ' சுரத்தைக் கொடுக்கும், பரவலாக 440 ஹெர்ட்ஸ். அந்த ஒலி வந்ததும் உடனே எல்லாரும் கருவியை எடுத்து உரச வேண்டாம். முதலில் அமைதியாகக் கேட்கட்டும். அப்புறம் வாயால் அதே சுரத்தைப் பாடட்டும். அதற்குப் பிறகு தந்தி. மொத்தம் இரண்டு மூன்று நிமிடம்தான் கூடுதலாக ஆகும்.

இன்னொன்று, ஆரம்பத்தில் ஒரு தடவை சேர்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. அறை சூடேற ஏற, குழலுக்குள் இருக்கும் காற்றில் ஒலியின் வேகம் கூடும், காற்றுக்கருவிகளின் சுருதி ஏறும். அதே சூட்டில் தந்தி நீண்டு இறுக்கம் தளரும், வயலின்களின் சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும்போது யாரையும் திட்டிப் பயனில்லை. இடைவேளைக்குப் பிறகு மறுபடி சேருங்கள். ஏன் விலகியது என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், அவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நடத்துபவரின் கோலையே பார்க்க வைப்பது

"என் கையைப் பாருங்க, என் கையைப் பாருங்க" என்று ஒத்திகை முழுக்கச் சொல்கிற ஆசிரியர் ஒருவரிடம் நானும் வாசித்திருக்கிறேன். அவர் கை நின்றால் நாங்களும் நிற்போம், பக்கத்தில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியவே தெரியாது.

அதே ஐந்தாவது சிம்பொனி எதில் ஆரம்பிக்கிறது தெரியுமா? மௌனத்தில். முதல் பாரின், அதாவது முதல் தாளக்கட்டத்தின், தொடக்கத்தில் ஒரு சிறிய ஓய்வுக்குறி இருக்கிறது. நடத்துபவரின் கை கீழே விழும் நொடியில் ஒலி கிடையாது, அதற்கடுத்த கணத்தில்தான் அந்த மூன்று சுரங்கள். கையைப் பார்த்து மட்டும் வாசிக்கப் பழகிய குழு இங்கே சிதறிப்போகும். இந்த மாதிரி இடங்களில் கோலைக் கீழே வைத்துவிடுங்கள். முதல் வயலின் மாணவி மூச்சை இழுக்கட்டும், எல்லாரும் அவளோடு மூச்செடுத்து ஆரம்பிக்கட்டும். முதல் இரண்டு மூன்று தடவை குழப்பமாகத்தான் இருக்கும். பொறுங்கள், அவர்கள் ஒருவரை ஒருவர் தேட ஆரம்பிப்பது கண்ணுக்கே தெரியும்.

நிறுத்துவது, திட்டுவது

காரணம் சொல்லாமல் "மறுபடி முதலிலிருந்து" என்பது பழகிப்போன ஒரு தவறு. எது சரியில்லை என்று தெரியாமல் திரும்ப வாசிக்கிற குழந்தை, அதே தவறை இன்னும் உறுதியாகப் படித்துக்கொள்கிறது. நிறுத்தினால் யார், எந்த இடம், என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள்: "இரண்டாம் வயலின்கள், 34-ஆவது பார், மூன்றாம் பீட், கொஞ்சம் சத்தம் குறைவாக." போதும்.

ஒரு குழந்தையை எழுப்பி "நீ மட்டும் வாசி" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வில் தந்தியைத் தொடாமல் நிற்பது இங்கேதான் தொடங்குகிறது. சந்தேகம் இருந்தால் அந்த இசைத்தாள் ஸ்டாண்டில் இருக்கும் இருவரையும், அல்லது அந்த வரிசையையே வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

இருக்கைகளை வருடம் முழுக்க மாற்றாமல் வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். கடைசி நாற்காலியில் உட்கார்ந்த குழந்தைக்கு அதுவே தன் தகுதி என்று பதிந்துவிடும். ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் இடம் மாற்றுங்கள், தேறியவர் பக்கத்தில் புதியவரை உட்கார வையுங்கள். 1975-இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டேமா என்ற இளையோர் இசைக்கல்வித் திட்டத்தில் மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது முறையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. ஒரே ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்ளும் இருவரிடம் இது தானாகவே நடக்கும்.

ஆசிரியர் தன் கருவி தவிர மற்றவற்றைத் தெரிந்துகொள்ளாமல் நிற்பதும் வீண் குழப்பம் தரும். சில கருவிகளில் தாளில் எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறொன்று. பி ஃபிளாட் கிளாரினெட்டில் எழுதியிருக்கும் 'சி' காதில் பி ஃபிளாட்டாகத்தான் கேட்கும், எஃப் ஹார்னில் அது எஃப். நீங்கள் பொதுவாக "சி வாசி" என்றால் மூன்று பேர் மூன்று சுரம் வாசிப்பார்கள், தவறு அவர்களுடையது இல்லை.

உடம்பையும் கவனியுங்கள். "வளர்ந்துவிடுவான்" என்று பெரிய அளவு வயலினை வாங்கிக் கொடுத்தால் தோளும் மணிக்கட்டும் இறுகிப்போகும். காது விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 85 டெசிபெல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது வேலையிடங்களுக்கான பரவலான பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். ட்ரம்பெட்டுக்கு நேர் முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தால் இன்றைக்கே நாற்காலியை நகர்த்துங்கள்.

கடைசியாக, உங்கள் ஒத்திகை ஒன்றைப் போனில் பதிவு செய்து தனியாக உட்கார்ந்து கேளுங்கள். இசை எப்படி இருந்தது என்பது அப்புறம். நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், அவர்கள் எத்தனை நிமிடம் வாசித்தார்கள் என்று மட்டும் முதலில் எண்ணுங்கள். 90 நிமிடத்தில் உங்கள் பேச்சே பாதியைத் தாண்டியிருந்தால், அடுத்த வாரம் குறைக்க வேண்டியது அதைத்தான்.